வேர்ட்பிரஸ் செருகுநிரல்கள்

வேர்ட்பிரஸ் என்ற இணையதள உருவாக்க மென்பொருளின் மைய நிரலைத் தொடாமலே அதற்குப் புதிய வசதி சேர்க்கும் துணை நிரல்களைச் செருகுநிரல்கள் என்கிறோம். பேச்சில் பிளகின். தொடர்புப் படிவம், இணையக் கடை, காப்புநகல், ஸ்பாம் தடுப்பு, தேடுபொறிக்கான சீரமைப்பு என ஒரு தளத்துக்கு வேண்டிய பெரும்பாலானவை இவற்றின் வழியாகவே வருகின்றன. வேர்ட்பிரஸ்.ஆர்க் கிடங்கில் ஏறத்தாழ 60,000 செருகுநிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில் இயங்குவதாக டபிள்யூ3டெக்ஸ் என்ற கணக்கெடுப்புத் தளம் சொல்கிறது. அந்தப் பரவலுக்கு மைய நிரலைவிடச் செருகுநிரல்களே பெரிய காரணம்.

தோற்றம்

மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற வலைப்பதிவு மென்பொருள் பராமரிப்பாரின்றி நின்றபோது, அமெரிக்காவின் மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் அதன் நிரலை எடுத்து வளர்த்தார்கள். 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. அதில் ஒரு வசதி கூடுதலாக வேண்டுமென்றால் மையக் கோப்புகளையே திருத்த வேண்டும். அடுத்த பதிப்பை நிறுவியதும் திருத்தமெல்லாம் அழிந்துபோகும்.

2004 மே 22 அன்று வந்த 1.2 பதிப்பு இதற்கு முடிவு கட்டியது. மைய நிரல் தன் வேலையைச் செய்துகொண்டே போகையில், பந்தியில் பரிமாறுகிறவர் ஒவ்வோர் இலை முன்பும் நின்று கேட்பதுபோல, குறிப்பிட்ட இடங்களில் நின்று வெளியார் யாருக்காவது இங்கே வேலை உண்டா என்று கேட்கும். இந்த இடங்களுக்கு ஹூக் என்று பெயர். ஒரு நிகழ்வின்போது கூடுதலாக ஒன்றைச் செய்வது ஆக்‌ஷன், கடந்துபோகும் தகவலை மாற்றி அனுப்புவது ஃபில்டர். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அடிப்படை இதுதான். அதே மே மாதத்தில், அப்போது முன்னணியில் இருந்த வலைப்பதிவு மென்பொருளான மூவபிள் டைப் தன் 3.0 பதிப்பின் உரிம விதிகளை இறுக்கியது. அதன் பயனாளர்கள் பலர் வேர்ட்பிரஸுக்கு மாறினார்கள். புதிதாக வந்தவர்கள் பழைய வசதிகளைக் கேட்டார்கள். கேட்டவர்களிலேயே சிலர் எழுதியும் கொடுத்தார்கள்.

ஸ்பாம் கருத்துகளைத் தடுக்கும் அகிஸ்மெட் 2005இலும், ஜப்பானின் தகாயுகி மியோஷி எழுதிய கான்டாக்ட் ஃபார்ம் 7 என்ற படிவச் செருகுநிரல் 2007இலும் வந்தன. தொடக்கக் காலத்தில் கோப்பை இறக்கி, விரித்து, எஃப்டிபி வழியாகச் சர்வரில் ஏற்ற வேண்டியிருந்தது. 2008 மார்ச்சில் 2.5 பதிப்பு ஒரே சொடுக்கில் புதுப்பிக்க வழிசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் 2.7 பதிப்பு நிர்வாகப் பக்கத்திலிருந்தே தேடி நிறுவ இடம் கொடுத்தது. நிரல் அறியாதவரும் தளம் நடத்தலாம் என்ற நிலை உண்மையில் அப்போதுதான் பிறந்தது.

பராமரிப்பும் நம்பிக்கையும்

செருகுநிரலின் வரலாற்றை வசதிகளின் பட்டியலாக எழுதுவது எளிது. ஆனால் அதன் உண்மையான வரலாறு, ஒவ்வொன்றையும் யார் பராமரித்தார்கள், எப்போது கைவிட்டார்கள், யாரிடம் விற்றார்கள் என்பதில்தான் இருக்கிறது. மைய நிரலுக்கு உள்ள அதே அதிகாரம் செருகுநிரலுக்கும் உண்டு. தரவுத்தளத்தைப் படிக்கலாம், கோப்புகளை மாற்றலாம். ஆகவே ஒன்றை நிறுவுவது முன்பின் அறியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

2017இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. சுமார் 2,00,000 தளங்களில் இருந்த டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற செருகுநிரலை அதன் உரிமையாளர்கள் விற்றார்கள். வாங்கியவர் அடுத்த பதிப்புகளில், தளத்தின் சொந்தக்காரர் கண்ணில் படாமல் விளம்பரப் பக்கங்களைச் சேர்க்கும் பின்கதவை வைத்தார். கிடங்கிலிருந்து நீக்கப்படுவதும் திருத்தியதாகச் சொல்லித் திரும்புவதுமாக நடந்து, நான்காவது முறை நீக்கப்பட்டபின் அது திரும்பவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. புதுப்பிப்பு வந்தது, நல்ல பழக்கமாகப் புதுப்பித்தார்கள். 2020 செப்டம்பரில் 7,00,000க்கு மேற்பட்ட தளங்களில் இருந்த ஃபைல் மேனேஜர் செருகுநிரலின் ஓட்டையை, திருத்தம் வரும் முன்பே தாக்குபவர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் லாகினைசர் என்ற பாதுகாப்புச் செருகுநிரலில் கடும் குறை தெரியவந்தபோது, வேர்ட்பிரஸ் குழுவே திருத்திய பதிப்பைத் தளங்களுக்குக் கட்டாயமாக அனுப்பியது. தம் அனுமதியின்றித் தம் தளத்தில் கைவைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த நேரத்தில் வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

புதிய செருகுநிரல்களைச் சரிபார்த்துக் கிடங்கில் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களான ஒரு சிறு குழு. 2023இல் அந்தக் குழு மாறியபோது காத்திருப்போர் வரிசை ஆயிரத்தைத் தாண்டியது.

2024இல் எழுந்த தகராறு இன்னும் ஆழமானது. எலியட் காண்டன் 2011இல் எழுதிய அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற செருகுநிரல், கைமாறி 2022இல் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்திடம் வந்திருந்தது. அந்நிறுவனத்துக்கும் முல்லன்வெக்குக்கும் வணிகச்சின்னம் குறித்து மோதல் வெடித்து வழக்கானது. அக்டோபர் 12 அன்று கிடங்கிலிருந்த அந்தச் செருகுநிரலின் பக்கத்தை வேர்ட்பிரஸ்.ஆர்க் தன்வசம் எடுத்து, செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று பெயர் மாற்றியது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்காலத் தடை பிறப்பித்தபின் அது பழைய கைக்குத் திரும்பியது. பாதுகாப்புக்காக எடுத்ததாகச் சொன்னார்கள். பகை நடுவே எடுத்தது கிடங்கின் நம்பகத்தைக் குலைத்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சமூகமும் செய்திகளும்

ஒரு செருகுநிரலில் ஓட்டை, அது கைமாறியது என்பன போன்ற செய்தி நேரத்தில் எட்டாவிட்டால் தளம் பறிபோகலாம். அதனால் வேர்ட்பிரஸ் உலகில் செய்தி என்பது பொழுதுபோக்கு அல்ல. புதிய செருகுநிரல்களை அறிவிப்பதில் வெப்லாக் டூல்ஸ் கலெக்‌ஷன் என்ற தளம் முன்னோடி. 2009இல் ஜெஃப் சாண்ட்லர் தொடங்கிய டபிள்யூபி டாவர்ன் என்ற செய்தித் தளம், சமூகத்தின் சச்சரவுகளையும் பதிவுசெய்தது. நேரடிச் சந்திப்பான வேர்ட்கேம்ப் 2006இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. 2009 பிப்ரவரியில் தில்லிக்கு வந்தது. பின்னர் மும்பையிலும் கொச்சியிலும் பிற நகரங்களிலும் நடந்தது. வேர்ட்கேம்பின் ஆசிய மாநாடு 2023இல் பாங்காக்கிலும், பின்னர் தைபெயிலும் மணிலாவிலும் கூடியது. 2026க்கு மும்பை தேர்வானது.

இந்தியத் துணைக்கண்டம் செருகுநிரல்களைப் பயன்படுத்துவதோடு நிற்கவில்லை. புனேயின் ஆர்டிகேம்ப், பிரெய்ன்ஸ்டார்ம் ஃபோர்ஸ், கோவையின் ஃபிளைகார்ட், வங்கதேசத்தின் சில்ஹெட் நகரில் ஃபுளுயன்ட் ஃபார்ம்ஸ் உருவாக்கிய நிறுவனம் எனப் பல இடங்களிலிருந்து உலகச் சந்தைக்கு நிரல் போகிறது.

தமிழ்த் தளங்களில்

தமிழில் தளம் நடத்துவோருக்கு முதல் பெரும் சிக்கல் 2007 மே மாதம் வந்த 2.2 பதிப்பில் நேர்ந்தது. தரவுத்தளத்தின் எழுத்துக் குறிமுறையைக் குறிப்பிடும் வரி அமைப்புக் கோப்பில் அப்போதுதான் சேர்ந்தது. பழைய தளங்களின் அட்டவணைகள் லத்தீன் குறிமுறையில் உருவாகியிருக்க, உள்ளே யூனிகோடு தமிழ் இருந்தது. புதிய வரியைச் சேர்த்த உடனே பதிவுகள் புரியாத குறிகளாக மாறின. எழுத்து அழியவில்லை, படிக்கும் முறைதான் தவறு. குறிமுறையை மாற்றித் தரும் செருகுநிரல்கள் அப்போது பலருக்குக் கைகொடுத்தன.

இரண்டாவது சிக்கல் இன்றும் உண்டு. பதிவின் தலைப்பிலிருந்து முகவரி உருவாகும்போது ஒவ்வொரு தமிழ் யூனிகோடு குறியும் ஒன்பது இடங்களைப் பிடிக்கிறது. புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி ஒன்பது. ‘தமிழ்’ என்ற சொல்லே 45 இடம். முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியது 200 மட்டும். ‘மட்டாஞ்சேரி வெலிங்டன் தீவு’ என்று தலைப்பிட்டால் மட்டாஞ்சேரிக்கு 99, வெலிங்டனுக்கு 81, இரு இடைவெளிகளுக்கு 2 போக மிஞ்சுவது 18. அதில் இரண்டு குறிகளே அடங்கும். முகவரி ‘மட்டாஞ்சேரி-வெலிங்டன்-தீ’ என்று முடிந்துவிடும். இதனால்தான் பல தமிழ் ஆசிரியர்கள் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் கையால் எழுதுகிறார்கள். வேறு சிலர் தலைப்பு முகவரியாகும் இடத்திலுள்ள ஃபில்டரில் நுழைந்து ஒலிபெயர்க்கும் சிறுநிரலை வைக்கிறார்கள். ஜப்பானியப் பதிப்பு தன் எழுத்துக்கான மல்டிபைட் பேட்ச் செருகுநிரலை நிறுவும்போதே கூடக் கொடுக்கிறது. தமிழுக்கு அப்படி ஒன்று வந்திருக்க வேண்டும்.

வாசகர் தமிழில் கருத்திட உதவும் செருகுநிரல்களும் ஒரு காலத்தில் தேவைப்பட்டன. வெளித்தளங்களில் பொருத்தும் ஒலிபெயர்ப்பு வசதியை கூகுள் 2011இல் கைவிடுவதாக அறிவித்தது. அதை நம்பியிருந்தவை செல்லாமல் போயின. கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை வந்தபின் அந்தத் தேவையும் குறைந்தது.

மொழிபெயர்ப்பில் தமிழுக்கு இரு கணக்குகள் உண்டு, ஒன்று இந்தியத் தமிழ், மற்றது இலங்கைத் தமிழ். ஒன்றில் செய்த வேலை மற்றதில் தானாகச் சேர்வதில்லை. ஒரு செருகுநிரலின் சொற்றொடர்களில் 90 விழுக்காடு மொழிபெயர்ந்து ஒப்புதல் பெற்றால்தான் மொழித்தொகுப்பு தளங்களுக்குப் போகும். 80 விழுக்காடு முடித்தவரின் உழைப்பு யார் திரையிலும் தெரியாது. சில பேர் கையில் நடக்கும் பணியை இரண்டாகப் பிரித்திருப்பது வீண்சுமை.

தமிழ்ப் பதிப்புலகுக்கு மிகுதியும் பயன்பட்ட ஒன்றைச் சொல்வதானால் பிரஸ்புக்ஸ். வேர்ட்பிரஸ் தளத்தை நூல் தயாரிக்கும் கருவியாக்கும் இதை ஹியூ மெக்குவையர் தொடங்கினார்; 2013இல் இது கட்டற்ற செருகுநிரலாக வெளிவந்தது. அதே ஆண்டு, கணியம் இதழை நடத்திவந்த த. ஸ்ரீனிவாசனும் நண்பர்களும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தந்த படைப்புகளைத் தன்னார்வலர்கள் பிரஸ்புக்ஸில் அத்தியாயங்களாக ஏற்றி, கிண்டிலுக்கும் கைப்பேசிக்கும் ஏற்ற வடிவங்களில் எடுத்தார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதில் நூல் செய்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கான தமிழ் நூல்கள் விலையின்றி வாசகரை அடைந்தன.