வேகமும் தடையும்

ஓடும் வண்டியை நிறுத்துவது, அதனை ஓட்டுவதைக் காட்டிலும் அரிய செயல் என்றால் மாணவ நண்பர்கள் வியப்படையலாம். வேகத்தை வளர்த்தவர்கள் புகழ் பெற்ற அளவுக்கு, அவ்வேகத்தை அடக்க முயன்றவர்களின் உழைப்பு பேசப்படவில்லை. அவ்வுழைப்பின் ஒரு பகுதியை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அச்சங்கொண்ட ஓட்டுநர் பிரேக்கை முழு வலிமையோடு மிதித்தால் சக்கரம் சுழலாமல் இறுகிவிடும். வண்டியோ நில்லாது சறுக்கிச் செல்லும். உருளும் சக்கரத்துக்குச் சாலையின்மீது உள்ள பிடிப்பு, சறுக்கும் சக்கரத்துக்கு இல்லை. காரின் முன்சக்கரங்கள் இறுகினால் அதனைத் திருப்ப இயலாது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் இறுகினாலோ, ஓட்டுபவர் கணப்பொழுதில் கீழே விழ நேரும்.

இதற்குரிய மாற்று விமானத்தில் முதலில் செம்மையுற்றது. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம் ‘மாக்சரெட்’ என்னும் கருவியை விமானங்களுக்கு அளித்தது. அதனுள் ஒரு சிறு சுழல்சக்கரம் இருந்தது. விமானச் சக்கரத்தின் வேகம் திடீரெனக் குறைந்தால், சுழல்சக்கரம் தன் உந்தத்தால் முந்திச் சுழன்று ஒரு வால்வைத் திறக்கும்; பிரேக்கின் அழுத்தம் தணியும்; சக்கரம் மீண்டும் உருளும்.

1958-இல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக்கூடம் அக்கருவியை ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தது. ஈரச் சாலையில் அதன் பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் அவ்வண்டி விற்பனைக்கு வரவில்லை. 1966-இல் ஜென்சன் எஃப்.எஃப். என்னும் கார் அக்கருவியை ஏற்றது. அவ்வகைக் கார்கள் ஏறத்தாழ 320 மட்டுமே செய்யப்பட்டன. மின்னணுவியல் வளர்ந்தபின், 1978-இல் பாஷ் நிறுவனத்தின் அமைப்பு மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் இடம்பெற்றது. மோட்டார் சைக்கிளுக்கு அது 1988-இல்தான் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் வாயிலாகக் கிட்டியது. எவருக்கு மிகுதியும் தேவைப்பட்டதோ, அவர் முதற்சோதனைக்குப் பின் முப்பது ஆண்டுகள் காத்திருந்தார்.

இக்கருவிக்குக் குறையே இல்லையோ எனின், உண்டு. சரளையிலும் புதுப்பனியிலும் இறுகிய சக்கரம் தன் முன்னே பொருளைக் குவித்து, அக்குவியலே தடையாக நிற்கும். உருளும் சக்கரத்துக்கு அவ்வுதவி இல்லாமையால் வண்டி சற்று நெடுந்தூரம் சென்றே நிற்கும். மற்றொன்று மனிதர் இயல்பைப் பற்றியது. 1980-களில் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் வாடகைக் கார்களை ஆராய்ந்தபொழுது, இவ்வமைப்புடைய கார்களில் விபத்துகள் குறைந்திருக்கவில்லை; அவற்றை ஓட்டியவர்கள் கூடுதல் துணிவோடு ஓட்டியதே கண்டறியப்பட்டது.

இவ்விரு பக்கங்களையும் சீர்தூக்கின், நன்மையே மிகுதி என்று கருதுகிறேன். இருசக்கர வண்டிக்கு அது இன்னும் மிகுதி. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள் வகைகளுக்கு 2018 ஏப்ரலிலும், முன்பிருந்தே விற்பனையில் இருந்த வகைகளுக்கு 2019 ஏப்ரலிலும் இது கட்டாயமாயிற்று. ஆயினும் சாலையில் இல்லாத பிடிப்பை எக்கருவியும் உண்டாக்காது. மழைநாளில் முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடையே போதிய இடைவெளி விடும் பொறுப்பு ஓட்டுபவருடையதே என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.