சாய லாட்டும் டிஜிட்டல் கடவுச்சீட்டும்

ஐரோப்பியச் சந்தைக்கு வரும் பொருள்களுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டு கேட்கும் ஒழுங்குமுறை (எண் 2024/1781) 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்தது. பொருளிலோ உறையிலோ கியூஆர் போன்ற ஒரு குறியீடு இருக்கும். ஸ்கேன் செய்தால் மூலப்பொருள், பழுதுநீக்கம், மறுசுழற்சி பற்றிய விவரங்கள் திறக்கும். மின்வாகன பேட்டரிகளுக்கு வேறொரு சட்டத்தின்படி 2027 பிப்ரவரி 18 முதல் இந்தக் கடவுச்சீட்டு கட்டாயம். துணிக்கான தனி விதிக்கு ஐரோப்பிய ஆணையத்தின் செயல்திட்டம் 2027-ஐக் குறித்திருக்கிறது.

கடவுச்சீட்டு மாடலுக்கு ஒன்றா, லாட்டுக்கு (ஒரே தடவையில் தயாராகும் தொகுதிக்கு) ஒன்றா, ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனியா என்பதை அந்தந்தத் தனி விதியே தீர்மானிக்கும் என்று சட்டம் விட்டுவைத்திருக்கிறது. பின்னலாடையைப் பொறுத்தவரை லாட்டே சரியான அலகு என்பது என் வாதம். திருப்பூரின் தொழில்முறையே அதற்குச் சான்று.

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எனப் பல கைகள் மாறுகிறது. பாதிக்கு மேல் ஜாப் ஒர்க்காகவும் நடக்கலாம். துணியோடு கூடவே போவது டெலிவரி சலான்: நிறம், டயா, ஜிஎஸ்எம், ரோல் எண்ணிக்கை, எடை, லாட் எண். ஒரே ரெசிபியில் சாயம் போட்டாலும் இரண்டு லாட்டின் ஷேடு அப்படியே ஒத்துவராது. உடல் ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலும் வந்துவிட்டால் வெளிச்சத்தில் பிடித்த உடனே செக்கிங் பெண் அதைத் தள்ளிவைத்துவிடுவார். அதனால் கட்டிங் மாஸ்டர் லாட்டைக் கலக்கவே மாட்டார். வெட்டிய பண்டலிலும் எண் போகும். எந்தச் சட்டமும் கேட்காமல், ஷேடு பயமே இத்தனை காலம் தடம் காத்து வந்திருக்கிறது.

அந்தத் தடம் அறுபடுவது லேபிளில். கேர் லேபிள் ஆர்டர் முழுமைக்கும் மொத்தமாக, பெரும்பாலும் பையர் சொன்ன அச்சகத்திலேயே, அடித்து வருகிறது. எந்த லாட் உடையிலும் அதே லேபிள்தான். தைத்து, சைஸ் பிரித்து, பெட்டியில் அடுக்கியபின் லாட் எண்ணைத் தேடிப் பயனில்லை. லாட் குறியீட்டோடு லேபிளை அடித்து, வெட்டிய பண்டலோடு சேர்த்துத் தையலுக்கு அனுப்பினால் போதும். சிறிய மாற்றம்தான், ஆனால் அதன் செலவு யார் தலையில் விழும் என்பது சிறிய கேள்வி அல்ல.

மாடல் அளவே போதும் என்பது பிராண்டுகளுக்கு வசதியான விடை. ஒரே மாடலின் துணி இரண்டு பட்டறைகளில், ஏன், இரண்டு நாடுகளில்கூடச் சாயமேறலாம். கழிவுநீர் வெளியேற்றத்தை அறவே நிறுத்தாததால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் நொய்யல் ஆற்றுக்காகச் சுத்திகரிப்பில் பெரும்பணம் போட்ட பட்டறைக்கும், அப்படி எதுவும் செய்யாமல் வேறெங்கோ இயங்கும் பட்டறைக்கும் உள்ள வேறுபாட்டை மாடல் கடவுச்சீட்டு ஒரே சராசரியில் கரைத்துவிடும்.

மறுவிற்பனைக்கும் பழுதுநீக்கத்துக்கும் உருப்படி அளவே வேண்டும் என்பார்கள். விலையுயர்ந்த ஜாக்கெட்டுக்குச் சரி. மூன்றாகச் சேர்த்து விற்கும் உள்பனியனுக்கு அது வீண் ஆடம்பரம்.

லாட்டுக்கும் எல்லை உண்டு. நூல் சீராக வருவதற்காகவே மில்லில் பல பேல்களின் பஞ்சைக் கலக்கிறார்கள். அங்கே தோட்டத்தின் அடையாளம் தற்செயலாகத் தொலைவதில்லை. கலப்பதே நூற்பின் தொழில்நுட்பம். பிளாக்செயின் எதுவும் அந்தப் பஞ்சை மறுபடி பிரித்துத் தராது. ஆகவே பஞ்சின் பிறப்பிடத்தை எடைக்கணக்குச் சான்றாகவும், சாயமேற்றுவது முதல் அடுத்துவரும் கட்டங்களை நேரடித் தடமாகவும் கடவுச்சீட்டு வெவ்வேறாகக் காட்டவேண்டும். இரண்டையும் ஒரே உறுதியோடு காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

பொருளைச் சந்தையில் இறக்கும் நிறுவனம் திவாலானாலும் கடவுச்சீட்டின் தகவல் அழியக்கூடாது என்கிறது சட்டம். காப்புப் பிரதிக்கும் ஏற்பாடு உண்டு. அந்தத் தகவலுக்கு ஆதாரமான சலானோ ஜாப் ஒர்க் பட்டறையின் மேசை இழுப்பறையில் கார்பன் நகலாகக் கிடக்கிறது. பட்டறை மூடினால் அது பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். துணிக்கான விதியை எழுதுபவர்கள் அந்த இழுப்பறையையும் கணக்கில் எடுக்கவேண்டும்.