யார் பார்த்தது, எப்போது? – சின்னக்கானலை முன்வைத்துத் தகவல் எழுத்தறிவு பற்றி

கேரளத்துத் தோட்டப் பகுதியான சின்னக்கானலில் தேயிலைக் கொழுந்தெடுக்கக் கிளம்பும் ஒரு பெண்ணின் கைப்பேசிக்கு விடிகாலையில் ஒரு குரல் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'சிங்குகண்டம் பக்கம் ஒத்தை நிக்குது.' அவள் முதலில் கேட்பது, யார் பார்த்தது என்பதை. வனத்துறை வாட்சரா, ஜீப் டிரைவரா, யாரோ அனுப்பியதை இன்னொருவர் தள்ளிவிட்டதா? அடுத்தது, எப்போது? எந்தப் பக்கம் முகம் வைத்து நின்றது? ஒத்தை, அதாவது ஒற்றை யானை, என்றால் சக்கைக்கொம்பன் என்று பெயர் வைத்திருக்கும் யானையா, வேறு ஏதாவதா? நடந்து போகையில் பாதையோர லத்தியில் ஆவி பறக்கிறதா, ஒடிந்த கிளையின் முறிவு இன்னும் பச்சையாக இருக்கிறதா என்று கண் தானாகத் தேடும். மூலத்தை மதிப்பிடுதல், காலப் பொருத்தம் பார்த்தல், வேறொரு சான்றோடு ஒத்துப்பார்த்தல் என்று நூலகவியல் வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதிப்போடும் மூன்றும் இதில் இருக்கின்றன. ஆனால் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'அனுபவம்'. தகவல் எழுத்தறிவு என்ற கணக்கில் இதைச் சேர்ப்பதில்லை.

சேர்க்காமல் விட்டது பெரிய பிழை என்பதே என் வாதம். தகவல் எழுத்தறிவு என்ற கருத்து பிறந்ததே வேலைத்தளத்தை எண்ணித்தான். 1974இல் அமெரிக்காவின் தகவல் தொழில் சங்கத் தலைவராக இருந்த பால் ஸுர்கோவ்ஸ்கி இச்சொல்லை முன்வைத்தபோது, தம் வேலைக்குத் தகவல் வளங்களைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றவர்களையே அவர் குறிப்பிட்டார். பிறகு அது நூலகத்துக்குள்ளும் கல்லூரிக்குள்ளும் குடியேறி, தேடுபொறியும் மேற்கோள் முறையும் கற்றுத்தரும் பாடமாகச் சுருங்கியது. அதை மீண்டும் வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அன்னமரி லாய்ட். ஆஸ்திரேலியத் தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்த அவர், புதிதாகச் சேர்பவர் கையேட்டைப் படித்துத் தொடங்கினாலும், புகையின் நிறத்தையும் வெப்பத்தையும் உடலால் வாசித்து, மூத்தவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்ட பிறகே தொழிலுக்குரியவர் ஆகிறார் என்று காட்டினார். எழுத்து, உடல், கூட்டம் என மூன்று இடங்களில் தகவல் இருக்கிறது. நம் தேர்வுமுறை அளப்பது முதலாவதை மட்டுமே.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. வால்பாறை மேட்டு நிலத்தில் யானைகளை ஆராய்ந்த மா. ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் குழுவினரும், யானையால் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை அருகில் யானை நிற்பது தெரியாமலே நேர்ந்தவை என்று கண்டார்கள். அதாவது தகவல் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. கேபிள் டிவியில் ஓடும் வரி, 2011 முதல் குறுஞ்செய்தி, தமிழில் குரல் அழைப்பு, மேடான இடங்களில் கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்கு என ஏற்பாடுகள் வந்தன. 2015இல் இப்பணிக்கு விட்லி விருது கிடைத்தது. என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது அந்தச் சிவப்பு விளக்குதான். பதிவு செய்த எண்ணிலிருந்து தோட்டத்து மக்களே அதை ஏற்றலாம். அந்த ஓர் ஏற்பாட்டில், தகவலைப் பெறுபவராக இருந்த தொழிலாளி தகவலைத் தருபவராகிவிடுகிறார். தவறாக ஏற்றினால் நாளை எவரும் அந்த விளக்கை நம்ப மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். பொறுப்போடு தகவல் தருவதை இதைவிட நன்றாக எந்தப் பயிலரங்கமும் கற்றுத்தராது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. வட்டார அறிவைக் கொண்டாடினால் வதந்திக்கும் கதவு திறக்காதா? அரிக்கொம்பன் என்ற காட்டு யானையின் விஷயத்தில் திறந்தது. 2023 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் அதைப் பறம்பிக்குளத்துக்குக் கொண்டுபோகச் சொன்னபோது பாலக்காட்டுப் பக்கம் போராட்டம் வெடித்தது. ஏப்ரல் 29இல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். மே மாதக் கடைசியில் அது தமிழகத்தின் கம்பம் ஊருக்குள் வந்தது. ஜூன் 5இல் தமிழக வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மேல் பகுதியில் விட்டது. அதன் பிறகு, அது மெலிந்துவிட்டது, செத்தேவிட்டது என்ற செய்திகள் எல்லையின் இரு பக்கமும் சுற்றின. படங்களை வெளியிட்டு வனத்துறை மறுக்க வேண்டியிருந்தது. லத்தியின் சூட்டைப் பார்த்து நேரம் சொல்லத் தெரிந்த கைக்கு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த வீடியோவின் தேதி தெரியாது. உடல் போய்ச் சேர முடியாத இடத்தில் உடலறிவு உதவாது. பள்ளி வேண்டியிருப்பது அங்கேதான்.

கேரளப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் கைட் நிறுவனம் பொய்ச் செய்தியை அறியும் பயிற்சியைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். தகவல் தொழில்நுட்பப் பாடநூல் தமிழ் வழியிலும் வருகிறது, தேவிகுளம் வட்டாரப் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த வகுப்பில் எடுத்துக்காட்டு எப்போதும் திரையிலிருந்தே வருகிறது. தோட்டக் குடியிருப்பான லயத்துக்கு வந்த யானைச் செய்தியைப் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டுவந்து, யார் பார்த்தது, எத்தனை மணி, எத்தனை பேர் கைமாறியது என்று நோட்டில் பத்தி போட்டு எழுதட்டும். தாய் காட்டுப் பாதையில் கேட்கும் கேள்வியும் ஆசிரியர் கணினி முன் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான் என்று அப்போது தெரியும்.

பள்ளி பாதி வழியாவது வந்திருக்கிறது. வேலைத்தளத்திலோ அதுகூட வந்தபாடில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த பொம்பிளை ஒருமை என்ற அமைப்பின் தேயிலைத் தோட்டப் பெண்களைக் கூலிக்காகப் போராடியவர்கள் என்றே எழுதினோம். அவர்களிடம் ஒரு தகவல் சிக்கலும் இருந்தது. ஒவ்வொருவரும் நாள்தோறும் எத்தனை கிலோ கொழுந்து நிறுத்துப்போட்டார் என்பது அவரவருக்குத் தெரியும். போனஸ் ஏன் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தது என்பதற்கான கணக்கு கம்பெனி ஏட்டில் இருந்தது. நிறுத்துப்போட்டவருக்குத் தன் எடை தெரியும், லாபம் தெரியாது. கேட்டுச் சொல்ல வேண்டிய தொழிற்சங்கங்கள்மீதே நம்பிக்கை போனதால்தான் அவர்கள் தாங்களாக வந்து உட்கார்ந்தார்கள்.

முடிவில் 20 சதவீதம் கிடைத்தது, இரண்டு பெயர்களில்: போனஸ் 8.33, எக்ஸ் கிரேஷியா 11.67. முன்னது அப்போது நடப்பிலிருந்த 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் கட்டாயமாக்கியிருந்த குறைந்தபட்சம். பின்னது நிர்வாகம் மனமுவந்து தருவதாகச் சொல்லும் தொகை, அடுத்த ஆண்டு அதே அளவில் கேட்கச் சட்டத்தில் பிடி கிடையாது. கையில் வாங்குகிற பணம் ஒன்றாக இருந்தாலும் காகிதத்தில் அது இரண்டு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை இந்த இரண்டு எண்களையும் கூட்டி 20 என்று உடனே சொல்லிவிடும். ஒரே பணத்துக்கு எதற்கு இரண்டு பெயர் என்று அது கேட்கும்போது, பதில் சொல்ல அதன் அம்மாவையே வகுப்புக்கு அழைக்கலாம்.