கட்டுச்சோறும் மடைநூலும்

வரலாறு என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே, முடிவேந்தரும் அவர்தம் போர்களும் கற்றளிகளும் நம் உள்ளத்தில் தோன்றுதல் இயல்பு. தம் குலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோரும் பட்டயம், கல்வெட்டு, கோயிற் கட்டளை ஆகியவற்றையே தேடிச் செல்கின்றனர். அவை வேண்டற்பாலனவே. ஆயினும், அவற்றுள் ஆடவர் செயலே பெரிதும் பேசப்படும். நாள்தோறும் அடுப்பின் முன் நின்று குலத்தை வளர்த்த பெண்மக்கள் அறிந்திருந்தவை யாவை என வினவினால், அவை விடை கூறா. அவ்விடையைக் கூறத்தக்க நூல்வகை ஒன்று உண்டு. முன்னோர் அதனை மடைநூல் என்றனர். இக்காலத்தார் சமையற் புத்தகம் என்பர். அந்நூல்களின் வரலாற்றையும், நம்மனோர் அடுக்களை அவற்றுள் இடம்பெறாமற் போனதையும், அக்குறையைத் தீர்க்கும் வழியையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மடைநூலின் பழமை

மடைநூல் நமக்குப் புதியதன்று. ஆடல் மகளிர் பயிலவேண்டிய கலைகளை அடுக்கிக் கூறுமிடத்து, மணிமேகலை அதனையும் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை இன்னும் தெளிவாகப் பேசுகின்றது. நல்லூர் நத்தத்தனார் பாடிய அப்பாட்டில், ஓய்மானாட்டு நல்லியக்கோடன் தன்பால் வந்த பாணர்க்கு அளிக்கும் விருந்து, பீமசேனன் செய்த சமையல் நூலின் நெறி வழுவாது ஆக்கப்பட்டது என்று குறிக்கப்பெறுகின்றது. ஓய்மானாடு திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலமாகும். 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரியும் வரை, அந்நிலமும் நம் கடலூரும் சிதம்பரமும் ஒரே மாவட்டத்துள் அடங்கியிருந்தன. எனவே, சமையல் நூலைப் பற்றித் தமிழிலுள்ள மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று நம் அயல்நிலத்துக்கு உரியதென்று நாம் மகிழலாம்.

அப்பாட்டை ஊன்றிக் கற்பார் மற்றொன்றையும் காண்பர். அரசன் கோயிலை அடைவதற்கு முன், பாணர் மூவேறு ஊர்களில் உண்கின்றனர். கடற்கரைப் பட்டினத்தில் பரதவர் சுட்ட உலர்ந்த குழல்மீனும், வேலூரில் எயினர் மகளிர் ஆக்கிய புளிச்சோறும், ஆமூரில் உழவர் மகளிர் வெண்சோற்றோடு படைத்த நண்டுக் கறியும் அவர்க்குக் கிடைக்கின்றன. இம்மூன்றில் எதற்கும் நூல் சான்று கூறப்படவில்லை. அரண்மனை உணவுக்கு நூல் இருந்தது. பரதவர்க்கும் எயினர்க்கும் உழவர்க்கும் கைப்பழக்கமே நூலாயிருந்தது. புலவர் பாடியிராவிடின் அவ்வுணவுகள் நம் அறிவுக்கு எட்டியிரா. அன்று தொடங்கிய அவ்வேற்றுமை அண்மைக்காலம் வரை நீங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பின்வந்த காலத்து நிலையும் அதுவே. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் கோயில் திருவமுதுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, வாழைப்பழம், அடைக்காய் ஆகியவற்றை நாழி, உழக்கு, ஆழாக்கு என்னும் அளவுகளோடு வகுத்துரைக்கின்றன. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையல் முறைகள் சரபேந்திர பாகசாஸ்திரம் என்னும் பெயரில் சரசுவதி மகாலிற் பேணப்பட்டு அச்சேறியுள்ளன. தெய்வத்தின் மடைப்பள்ளிக்கும் மன்னன் மடைப்பள்ளிக்கும் எழுத்து வாய்த்தது. குடிமக்கள் அடுக்களைக்கு அது வாய்த்திலது.

அச்சுக்கு வந்த பின்

அச்சுப்பொறி இக்குறையை நீக்கும் என்று எதிர்பார்த்தல் முறையே. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம், இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலையும் அரசாங்கத்தில் பதிவு செய்யவேண்டும் என்று விதித்தது. அதன் பயனாகப் பெருங்காப்பியத்தோடு அரையணாப் பாட்டுப் புத்தகமும் பட்டியலில் ஏறிற்று. சமையல் நூல்களும் அவ்வாறே பதிவாயின. இராமச்சந்திர ராவ் என்பார் வெளியிட்ட இந்து பாகசாஸ்திரம் 1891இல் அச்சாயிற்று. பத்துப்பாட்டைச் சாமிநாதையரவர்கள் 1889இல் பதிப்பித்தார்கள். மணிமேகலை 1898இல் வந்தது. ஆகவே, பழைய மடைநூலைப் பற்றிய செய்தியும் புதிய மடைநூலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தமிழர் கைக்கு வந்து சேர்ந்தன. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட சமைத்துப் பார் என்னும் நூல், மணமான பெண்ணுக்குத் தாய்வீட்டார் கொடுத்தனுப்பும் சீர்ப்பொருள்களுள் ஒன்றாகவே பல இல்லங்களில் ஆயிற்று.

இந்நூல்கள் போற்றத்தக்கவை. அளவும் முறையும் பிறழாது, பக்கத்தே மூத்தார் ஒருவர் நின்று கூறுவதுபோல எழுதப்பட்ட சமைத்துப் பார், தனிக்குடித்தனம் சென்ற எத்துணையோ பெண்களுக்குத் துணையாயிற்று. ஆயினும் அது மரக்கறி நூல். அந்தணர் இல்லத்துச் சமையலை எழுதியது. அவர் தம் வீட்டு முறையை எழுதினார், அது குற்றமன்று. தத்தம் வீட்டு முறையை எழுதாமல் விட்ட ஏனையோரே குறையுடையார். நம் கடற்கரை ஊர்களின் மீன் குழம்பும், புன்செய் ஊர்களின் கேழ்வரகுக் களியும், கம்பங்கூழும், பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாக்கொட்டைக் குழம்பும் நூலேற நெடுங்காலம் காத்திருந்தன.

வெளிச்செல்லும் நாளும் கட்டுச்சோறும்

நூலேறாத சமையலுள் முதலிடம் பெறவேண்டியது கட்டுச்சோறு. ஏனெனில், வீட்டின் கைத்திறம் முழுதும் வெளிப்படுவது குடும்பத்தோடு வெளிச்செல்லும் நாளிலேயாம். நம் பக்கத்து மக்கள் ஆண்டுதோறும் செல்லுமிடங்கள் பல. தைத்திங்கள் ஐந்தாம் நாளில் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா. தைப்பூசத்தில் வடலூர்ச் சோதி. மாசிமகத்தில் தேவனாம்பட்டினத்தும் கிள்ளையிலும் கடலாட்டு. ஆடி பதினெட்டில் கொள்ளிடக்கரை. இவற்றுள் கிள்ளைக் கடலாட்டு மிகத் தொன்மையது. முதற் குலோத்துங்கன் படைத்தலைவனாகிய நரலோக வீரன், தில்லைப் பெருமான் மாசிக் கடலாடி வீற்றிருக்க மண்டபமும், அங்குச் செல்லப் பெருவழியும் அமைத்தமையைச் சிதம்பரங் கோயிற் கல்வெட்டுப் பாடல்கள் கூறுகின்றன. இன்றைக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகட்கு முன்னரே நம்மவர் கடற்கரைக்குக் கூட்டமாய்ச் சென்றுவந்தனர் என்பது இதனாற் போதரும். வழிநடந்தார் வெறுங்கையராய்ச் சென்றிரார். சுந்தரர்க்குத் திருக்குருகாவூர் வழியிலும், திருநாவுக்கரசர்க்குத் திருப்பைஞ்ஞீலி வழியிலும் இறைவனே பொதிசோறு அளித்தான் என்று, தில்லையில் அரங்கேறிய பெரியபுராணமே கூறுகின்றதன்றோ?

கட்டுச்சோறு சுமந்து செல்வதற்குச் சுவையொன்றே காரணமாயிருந்ததில்லை. உணவு விடுதிகளில் சாதி பார்த்து இலை போட்ட காலம் ஒன்று இருந்தது. தென்னிந்திய இருப்புப்பாதை நிலையங்களின் உண்ணுமறைகளிற்கூடப் பார்ப்பனர்க்கு வேறிடமும் பிறர்க்கு வேறிடமும் இருந்தன. பெரியார் முதலியோர் கிளர்ச்சியின் பின்னரே 1941இல் அவ்வேறுபாடு நீக்கப்பட்டது. மானமுடைய குடும்பத்தார் பலர் தம் சோற்றைத் தாமே கட்டிச் சென்றனர். மற்றொருபுறம், அவ்வேறுபாடு நீங்குவதற்கு 74 ஆண்டுகள் முன்னரே, 1867 மே 23ஆம் நாளில், வடலூரில் வள்ளலார் தருமச்சாலை நிறுவிச் சாதி வினவாது பசித்தார்க்கெல்லாம் சோறிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. நூற்பதிவுச் சட்டம் பிறந்ததும் அவ்வாண்டே. எழுத்தும் சோறும் எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பதற்கு அவ்வாண்டினும் சிறந்த நினைவு வேறில்லை.

கட்டுச்சோற்றின் நுட்பம் எளியதன்று. புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் மிளகாய், கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, எண்ணெய் மேலே மிதக்குமளவும் கொதிக்கவிடல் வேண்டும். சோற்றை ஆறவைத்த பின்னரே கலத்தல் வேண்டும். சூட்டொடு கட்டினால் வியர்த்துக் கெடும். புளிப்பும் உப்பும் எண்ணெயும் கூடி, நீர் குறைந்த இடத்தில் சோறு ஊசுவதில்லை. தேங்காய் சேர்ந்தாலோ உச்சிப்பொழுதுக்குள் நாறும். தயிர்ச்சோற்றுக்குக் காய்ச்சி ஆறிய பாலையே மிகுதியாக ஊற்றிச் சிறிது தயிர் சேர்ப்பர். உண்ணும் வேளையில் அது தானே பதமாய்ப் புளித்திருக்கும். வாழையிலையைத் தணலில் வாட்டினாலன்றி மடிக்குங்கால் கிழியும். இவற்றை எந்தப் பள்ளியும் கற்பித்ததில்லை. நம் தாய்மார் கற்பித்தனர்.

ஒரு பழம்புத்தகம் கற்பித்தவை

யாம் பழைய சமையல் நூல்களைத் தொகுத்து வருகின்றோம். விடுமுறை நாட்களில் மனைவி மக்களோடு சிதம்பரத்தினின்று புகைவண்டி ஏறி, கிள்ளையும் பரங்கிப்பேட்டையும் கடந்து கடலூர் சேர்ந்து, பிள்ளைகளைத் தேவனாம்பட்டினக் கடற்கரையில் ஆடவிட்டுக் கட்டுச்சோறு உண்டு, மாலையில் திருப்பாதிரிப்புலியூரில் பழைய தாள் வாங்குவோர் கடைகளைப் பார்த்துத் திரும்புதல் எம் வழக்கம். அவ்வாறு ஒருநாள், அட்டையிழந்த மரக்கறிச் சமையல் நூல் ஒன்றை எடைக்கு வாங்கினோம்.

அதன் ஓரங்களிலெல்லாம் கையெழுத்து இருந்தது. இருவர் எழுதியது அது. முதற்கை ஊற்றுப்பேனா மையால், ரூபாய் எடை, பலம், ஆழாக்கு என்று அளவு குறித்திருந்தது. இரண்டாங்கை அவற்றின்மேலே கிராம் கணக்கை எழுதியிருந்தது. மெட்ரிக் எடைகள் நம் நாட்டில் 1958இல் புகுந்து 1962க்குள் கட்டாயமாயின. ஆதலின், மூத்தார் ஒருவர் அதற்கு முன்னும், இளையார் ஒருவர் அதன் பின்னும் அந்நூலைக் கையாண்டனர் எனத் துணியலாம். மாமியும் மருமகளுமோ, தாயும் மகளுமோ, இரண்டு தலைமுறை அவ்வொரு நூலில் சமைத்திருக்கின்றது. கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு காலங் கணிப்பதுபோலச் சமையற் குறிப்பின் அளவு கொண்டும் காலங் கணிக்கலாமென்பது எமக்கு அன்று விளங்கிற்று.

நெய் என்று அச்சிட்டிருந்த இடங்களிற் பலவற்றை அடித்து, நல்லெண்ணெய் என்று எழுதியிருந்தார் மூத்தவர். முந்திரிப்பருப்பு என்றவிடத்து வேர்க்கடலை என்றிருந்தது. குடும்பத்தின் வருவாயை இதனினும் உண்மையாய்க் கூறும் ஆவணம் எதுவுளது? நூலின் இறுதியிலிருந்த வெற்றுத்தாள்களிலோ, அச்சிட்டவர் கனவிலும் கருதாதவை இருந்தன: நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கேழ்வரகு அடை, பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு, ஆற்றுத் திருவிழாவுக்குக் கட்டுச்சோற்றுப் புளி. மரக்கறி நூல் ஒன்று, பின்பக்கத்தில் வேறொரு குடியின் மடைநூலாக வளர்ந்திருந்தது.

யாம் எழுத்தை ஆராய்ந்தோம். எம் மனைவியாரே பொருளை ஆராய்ந்தார். கட்டுச்சோற்றுப் புளிக்கு அளவு கூறுமிடத்தில், அந்தக் கல்சட்டியில் முக்கால் என்று எழுதப்பட்டிருந்தது. அதனைப் படித்து அவர், சட்டி போனபின் இக்குறிப்பால் யாது பயன் என்றார். உண்மையே. எழுதியவர்க்கு அச்சட்டி கண்முன் இருந்தது, நமக்கு இல்லை. சொல் கிடைத்தும் பொருள் இழந்தோம். இத்தகைய நூலொன்று எடைக்குப் போயிற்றென்றால், அவ்வீட்டின் பெண்வழி வரலாறே எடைக்குப் போயிற்றென்க.

செயற்பாலன

பிறர் குப்பையென்று கழித்ததைச் செல்வமாக்கியவர் நம் நாட்டில் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு அழைப்பிதழ், விளம்பரத் தாள் ஆகியவற்றையும் விடாது தொகுத்தார். 1992இல் அவர் மறைந்த பின், அத்தொகுதியைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்கித் தமிழ்நாட்டிலேயே நிறுத்தியது. அதனை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. தனியொருவர் செய்ததைச் சங்கம் ஒன்று செய்யலாகாதோ?

ஆதலின், நம் சங்கத்தார்க்கு மூன்று செய்திகளை விண்ணப்பம் செய்துகொள்ளுகின்றோம். முதலாவது, பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்யுங்கால் பரண்மேல் உள்ள பழம்புத்தகங்களையும் கணக்கேடுகளையும் தாளெடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். ஓரக் குறிப்புள்ள தாளைக் கிழித்தலாகாது. இரண்டாவது, வீட்டிலுள்ள மூத்த அன்னையாரிடம் பிள்ளைகள் அமர்ந்து, அவர் சமையலைக் கேட்டு எழுதுதல் வேண்டும். எழுதுங்கால் ஊர், ஆண்டு, யாரிடம் கற்றார், எந்நாளுக்கு ஆக்குவது என்பவற்றைக் குறித்தல் இன்றியமையாதது. சட்டியும் கரண்டியும் அளவாகக் கூறப்பட்டால், அதில் நீரூற்றி அளந்து இத்துணை மில்லி என்று எழுதிவைத்தல் வேண்டும். மூன்றாவது, அவ்வேட்டின் படியொன்றைச் சங்கத்துக்கு அனுப்புதல் வேண்டும். மீனும் கருவாடும் கூழும் எழுதப்பட்டால் நம்மைத் தாழ்வாக எண்ணுவர் என்று எவரும் நாணவேண்டா. பரதவர் மீனையும் உழவர் நண்டையும் பாடிய புலவர் நாணினாரல்லர்.

நம் குலத்தில் எண்பது கடந்த அன்னையார் இன்னும் பலர் உளர். அவர்கள் அறிந்தவை தாளில் ஏறுமுன் அவர்கள் நம்மைவிட்டுச் செல்வார்களாயின், பின்னர் எத்துணைப் பொருள் செலவிட்டாலும் மீளா. அடுத்த திருவிழாவுக்குக் கட்டுச்சோறு கட்டும் நாளில், அடுப்பின் பக்கத்தே ஏடும் எழுதுகோலுமாய் ஒரு பிள்ளை அமரட்டும்.