ரஸ்தாளிக்கு யார் வரைபடம் போடுவது?

ஆறுமுகநேரிக்கு ஒரு பக்கம் உப்பளம். மறுபக்கம் ஆத்தூர் வரை தாமிரபரணித் தண்ணீரில் விளையும் வாழை. ஏத்தன், மொந்தன், ரஸ்தாளி என்று பிரித்துச் சொல்ல இங்கே யாரும் தாவரவியல் படிக்க வேண்டியதில்லை. எந்தக் கன்னை எடுத்து நடணும் என்பது வயலிலேயே கைமாறிவந்த அறிவு. அறிவியலின் வரலாற்றில் இந்த அறிவுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது.

பெயர் வைத்தவர் லின்னேயஸ். 1753இல் ஒன்று, 1759இல் இன்னொன்று என வாழையை இரு இனங்களாக்கினார். இரண்டுமே இனங்கள் அல்ல, கலப்புகள் என்பது பின்னால் தெரியவந்தது. 1955இல் சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் 15 அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டு, அக்குமினேட்டா (ஏ), பால்பிசியானா (பி) என்னும் இரு காட்டு மூதாதைகளின் பங்கைக் கணக்கிட்டார்கள். ரஸ்தாளி 'ஏஏபி' ஆயிற்று, மொந்தன் 'ஏபிபி'.

இது வெறும் அறிவுத்தேட்டம் அல்ல. 1922இல் டிரினிடாடில் ஆங்கிலேயர் வாழைக் கலப்பாய்வைத் தொடங்கியதற்குக் காரணம், ஏற்றுமதி வாழையான குரோ மிஷேலைப் பனாமா வாடல் தின்றுகொண்டிருந்தது.

கலப்பில் பிறந்த கன்றுகளில் எந்தெந்தக் கூறுகள் சேர்ந்தே இறங்குகின்றன என்று பார்த்து, குரோமோசோமில் அவற்றின் இடத்தைக் குறிப்பதே மரபணு வரைபடம். நோய் தாங்கும் கூறு எங்கே என்று தெரிந்தால், தார் தள்ளும்வரை காத்திராமல் கன்றிலேயே பொறுக்கிவிடலாம். ஆனால் நாம் தின்னும் வாழைகள் பெரும்பாலும் மும்மடங்கு, விதை இல்லை. விதை இல்லாவிட்டால் பிள்ளை ஏது? அதனால் விதையுள்ள இருமடங்கு வாழைகளை வைத்தே வரைபடம் போடுகிறார்கள். 2012இல் வாசிக்கப்பட்டதும் 'பகாங்' என்ற அக்குமினேட்டாவின் 11 குரோமோசோம்கள்தான். ரஸ்தாளிக்குள் இருக்கும் 'பி' அந்த வாசிப்பில் இல்லை; பால்பிசியானாவின் முதல் வரைவு 2013இல் வந்தது.

கேள்வி தொழில்நுட்பத்தைப் பற்றியதல்ல, யாருடைய தேவை என்பதைப் பற்றியது. வாடல் புகுந்துட்டா ரஸ்தாளி போச்சு; பூஞ்சை பல்லாண்டு மண்ணிலேயே கிடக்கும். சம்சாரிக்கு இது பழைய கதை. ஆனால் கேவண்டிஷைக் கொல்லும் டிஆர்4 வந்த பிறகுதான் உலகம் அலறியது. மாற்று வழி இல்லாமல் இல்லை. மலைவாழையின் ருசியைச் சமவெளிக்குக் கொண்டுவரக் கோயம்புத்தூரில் உருவாக்கிய கோ-1 கலப்பு 1984இல் வெளிவந்தது. உள்ளூர் நாக்கும் ஆய்வின் இலக்காக முடியும் என்பதற்கு அது சாட்சி.

வரைபடத்தை எதிர்ப்பது என் நோக்கமல்ல. அதை எந்த வயலிலிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்கும் இடத்தில் கன்னு பிரித்து நடுகிறவர்களும் உட்கார வேண்டும் என்கிறேன்.