நெளிந்த தகட்டின் வரலாறு

மோட்டார்க் காரின் வரலாற்றை எழுதியவர்களில் அநேகர் அதைச் செய்தவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஃபோர்ட், சிற்றோயன், மொறிஸ் என்று முதலாளிகளின் பெயர்கள் வரிசையாக வரும். அடிபட்டு நசுங்கி வந்த காரை நிமிர்த்தி, ஓட்டை அடைத்து, தேய்த்து, நிறம் பூசி மறுபடி தெருவில் விட்டவர்களுக்கு அந்தப் புத்தகங்களில் இடம் கிடைப்பது அரிது. பிரான்சில் இவர்களுக்குக் 'கறோசியே' என்று பெயர். ஊரில் நாங்கள் 'ரிங்கர்' என்றோம். படிப்பைப் பாதியில் விட்டு வந்து, ரெஸ்ரோறன்ற் குசினிகளில் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் காலம் கழிக்கிற நாங்கள் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. கைகளால் செய்யப்படுகிற, பெயர் போடப்படாத வேலை எப்படி வரலாற்றிலிருந்து நழுவிப் போகிறது என்பது எங்களுக்கு அன்றாடம் தெரிகிற விஷயம்.

'கறோசியே' என்ற சொல்லே குதிரை வண்டியிலிருந்து வந்தது. 'கறோஸ்' என்றால் அந்நாளைய பிரபுக்களின் குதிரை வண்டி. ஆரம்பகாலக் கார்களின் உடலைச் செய்தவர்களும் அந்த வண்டித் தச்சர்கள்தான். மரச்சட்டம், அதன்மேல் தகடு. வண்டிக்குப் பூசிய அதே எண்ணெய் வர்ணத்தைத் தூரிகையால் பல தடவை பூசி, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்தார்கள். ஒரு கார் நிறம் பூசி முடிய வாரக்கணக்கில் எடுத்தது. அடிபட்டால் திருத்துவது பெரும்பாலும் தச்சுவேலை.

இரண்டு மாற்றங்கள் இதைக் குலைத்தன. முதலாவது உருக்கு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எட்வேர்ட் பட் 1912இல் தொடங்கிய கொம்பனி, மரமே இல்லாமல் முழுவதும் உருக்குத் தகட்டை அழுத்தி ஒட்டிக் கார் உடல் செய்யும் முறையை வளர்த்தது. 1924இல் அந்த முறையை வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர் அந்திரே சிற்றோயன். 1926இல் இங்கிலாந்தின் கவ்லியில், மொறிஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், பட் கொம்பனியின் பங்குடன் அழுத்துருக்குத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது.

இரண்டாவது வர்ணம். முதலாம் உலக யுத்தத்தில் புகையில்லா வெடிமருந்து செய்து பெருத்த டுபொன்ற் கொம்பனியிடம், யுத்தம் முடிந்தபின் நைற்றோசெலுலோசு செய்யும் வசதி தேவைக்கு மேலாக எஞ்சியிருந்தது. பீரங்கிக்கு மருந்தான அந்தப் பொருளிலிருந்தே 1923இல் 'டுக்கோ' என்ற கார் வர்ணம் வந்தது. விசிறிப் பூசலாம்; மணிக்கணக்கில் காயும். 1924ஆம் ஆண்டு மாடலான ஓக்லண்ட் கார்கள் நீல நிற டுக்கோவில் வந்தன. 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டும் ரி மாடலை விற்ற ஃபோர்டும் பிறகு நிறத்துக்கு வர வேண்டியிருந்தது. தென்னாசியாவின் சில பகுதிகளில் இன்றும் கார் வர்ணத்தை 'டுக்கோ' என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல் ஒரு யுத்தத்தின் மிச்சம் என்பது சொல்கிறவர்களுக்குத் தெரிந்திராது.

ரிங்கர் பிறந்தது இந்த இரண்டு மாற்றங்களுக்கும் பிறகுதான். மரம் முறியும், உருக்கு நெளியும். நெளிந்ததை மீட்க முடியும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

அந்த மீட்பு வெறும் சுத்தியல் பலத்தால் ஆவதல்ல. தகடு மடிந்த இடம் மற்ற இடங்களைவிட இறுகிவிடுகிறது. அந்த மடிப்பின்மேலேயே ஓங்கி அடித்தால் சுற்றியுள்ள தகடு நீண்டு பொம்மிவிடும். பிறகு அது பழைய இடத்துக்குள் அடங்காது. ஆகையால் அனுபவசாலி முதலில் அடிப்பதில்லை, பார்ப்பான். அடி எங்கே முதலில் விழுந்தது, அது எந்தப் பக்கமாக ஓடி எங்கே முடிந்தது என்று கணிப்பான். கடைசியாக நெளிந்ததை முதலில் எடுப்பது, முதல் அடி விழுந்த இடத்தைக் கடைசியில் எடுப்பது என்பதே முறை. விபத்தைப் பின்னோக்கி வாசிக்க வேண்டும். உட்புறத்தில் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்து வெளிப்புறத்தில் மெதுவாகத் தட்டி எடுப்பார்கள். தகடு நீண்டுவிட்டால் சிறு வட்டமாகச் சிவக்கச் சூடாக்கி, தட்டி, ஈரத்துணியால் ஒற்றிச் சுருங்கவைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை உள்ளங்கையால் தடவிக் கண்டுபிடிப்பார்கள். இதை எந்தப் பாடசாலையும் முழுதாகச் சொல்லித் தராது.

தட்டி எடுக்க முடியாத பள்ளத்துக்கு ஒருகாலத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி, கொழுப்புத் தடவிய மரக்கரண்டியால் வெண்ணெய் போலப் பரப்பினார்கள். 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பொலியெஸ்ரர் பசை வந்தது. கலந்து பூசிச் சற்று நேரத்தில் தேய்க்கலாம். வேலை இலகுவானது, ஏமாற்றும் இலகுவானது. கறளைச் சுரண்டாமல் மேலே பசையை அப்பி நிறம் பூசிவிட்டால் வாங்குகிறவனுக்குத் தெரியாது. உள்ளே கறள் தன் பாட்டில் தின்றுகொண்டிருக்கும். ஊரில் பழைய கார் வாங்கப் போகிற பெரியவர்கள் சட்டைப் பையில் காந்தம் கொண்டு போனது இதற்காகத்தான். பசை தடித்த இடத்தில் காந்தம் பிடிக்காது.

நிறம் பூசுவது இன்னொரு வித்தை. கொம்பனி தரும் நிற இலக்கத்தை அப்படியே கலந்தால் பொருந்தாது. பத்து வருட வெயில் பழைய வர்ணத்தை மாற்றியிருக்கும். குழல் விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறங்கள் வெயிலில் வேறாகலாம். ஆகவே பகல் வெளிச்சத்தில் பார்த்து, புது நிறத்தைப் பக்கத்துத் தகட்டுக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிடுவார்கள். எல்லை தெரியாமல் போவதே நல்ல வேலைக்கு அடையாளம். நன்றாகச் செய்தால் செய்த தடயமே இருக்காது. இந்தத் தொழிலாளி வரலாற்றில் காணாமல் போனதற்கு அவனுடைய திறமையும் ஒரு காரணமோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

பிரெஞ்சுக் கார்த் தொழிற்சாலைகளின் வரலாறு இடம்பெயர்ந்தவர்களின் வரலாறும்தான். 1917 புரட்சிக்குப் பிறகு ஓடிவந்த ரஷ்யர்கள் பியான்கூரில் உள்ள றெனோ தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பழைய இராணுவ அதிகாரிகள்கூடப் பாரிசில் ரக்சி ஓட்டினார்கள். பின்னர் அல்ஜீரியர், மொறோக்கர், போர்த்துக்கேயர், யூகோஸ்லாவியர். 1983 தொடக்கத்தில் றெனோவின் ஃபிளான் தொழிற்சாலையில் வர்ணம் பூசும் பிரிவினர் வேலைநிறுத்தம் செய்தபோது, பெரும்பாலும் குடியேறியவர்களான அவர்களுக்குப் பின்னால் மதத் தீவிரவாதிகள் இருப்பதாக ஆட்சியில் இருந்தவர்களே பேசினார்கள். கேட்டது கூலியும் மரியாதையுமே.

இந்தத் தொழிலாளர்களைப் பற்றி 1978இல் வெளிவந்த ஒரு புத்தகத்தைத் தோழர்கள் தேடி வாசிக்க வேண்டும். றொபேர் லினார் எழுதிய 'லேற்றாப்லி'. இடதுசாரிப் புத்திஜீவியான லினார் 1968 செப்டம்பரில் பாரிசின் சுவாசி வாசலில் இருந்த சிற்றோயன் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து, ஒரு வருடம் கண்டதை எழுதினார். அதில் தெமார்சி என்று ஒரு வயதான தொழிலாளி வருகிறார். நெளிந்து பழுதாகி வரும் கார்க் கதவுகளைத் தட்டி நிமிர்த்துவது அவருடைய வேலை. அதற்காகக் கிடைத்த இரும்புத் துண்டுகளைக் கொண்டு தானே ஒரு மேசை செய்து வைத்திருக்கிறார். பார்க்க விகாரமானது, ஆனால் எந்தக் கதவையும் எந்தக் கோணத்திலும் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் நிர்வாகம் அதை எடுத்துவிட்டு, அலுவலகத்தில் வரைந்த புது மேசையை வைக்கிறது. அதில் அவரால் வேலை செய்ய முடியவில்லை. மேலதிகாரிகளும் பொறியியலாளர்களும் சுற்றி நின்று பார்க்க, முதியவர் தடுமாறுகிறார். பிறகு பழைய மேசை திரும்பி வருகிறது. ஆனால் அந்த மனிதருக்குள் ஏதோ உடைந்துவிட்டது. புத்தகத்தின் தலைப்புச் சொல்லுக்கு வேலைமேசை என்பதும், தொழிற்சாலைக்குள் போய் நிலைகொண்ட புத்திஜீவி என்பதும் இரண்டு பொருளும் உண்டு. 2023இல் இது திரைப்படமாகவும் வந்தது.

அந்த மேசையைப் போன்ற பொருட்கள் யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் எத்தனையோ இருந்தன. எங்கள் ஊர்க் கார்களின் கதையை இங்கே சொல்ல வேண்டும்.

மொறிஸ் மைனர் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் சிமிர்னாவில் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் எரிந்தபோது குடும்பத்தோடு கப்பலேறித் தப்பியவர். தகப்பன் மோல்ட்டாவில் இறந்துபோக, தாயும் மகனும் இங்கிலாந்து சேர்ந்தார்கள். 1948இல் மைனர் வெளிவருவதற்குச் சற்று முன், கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கி மறுபடி இணைக்கச் செய்தார். ஏற்கனவே செய்துவைத்த பம்பர்களையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்தார்கள். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலம்தான். ஒரு அகதி வரைந்த கார், வெட்டி ஒட்டப்பட்டே பிறந்தது. 16 இலட்சம் வரை விற்றது.

இலங்கையில் 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகிப்போனது. 1977இல் கதவு திறக்கும்வரை இருந்த மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் சோமசெற்றையும் கேம்பிறிட்ஜையும் வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. சோமசெற் 1952 முதல் 1954 வரை மட்டும் செய்யப்பட்ட கார். அடிச்சட்டம் தனியாக இருந்ததால் உடல் உக்கினாலும் ஓடும். மைனரில் உடலே சட்டம். கீழ்ப்பகுதி உக்கினால் கதவு பொருந்தாது. ஆகவே இரண்டுக்கும் ரிங்கர் வேலை வேறு வேறு.

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்கின்மேல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, இரும்பு இல்லை. புதிய கார்கள் படுத்துவிட, பழைய ஒஸ்ரின்கள் எழுந்தன. அழுத்தம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்கும் இசைந்தன. துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கார்கள்தான். 1995 ஒக்ரோபர் 30இல் குடாநாடு பெயர்ந்தபோது மூட்டைகளையும் முதியவர்களையும் சுமந்தவற்றில் அவையும் இருந்தன. செல் துண்டுகள் துளைத்த கதவுகளுக்கு வேறு காரின் தகட்டை வெட்டி ஒட்டுப் போட்டார்கள்.

அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், அந்தக் காருக்கான உதிரித் தகடுகளை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். ஒரே தீவு. ஒரு பக்கத்தில் மைனரின் தகடு ஏற்றுமதிப் பொருள். மறு பக்கத்தில் ஒரு துண்டு இரும்பு தடைசெய்யப்பட்ட பொருள். பொருளாதாரத் தடை என்றால் என்ன என்று விளங்க இந்த ஒரு உதாரணம் போதும்.

இன்றைய நிலைமை வேறு. புகலிட நாடுகளில் கூலி அதிகம், தகடு மலிவு. நிமிர்த்துவதைவிடக் கழற்றி வீசிப் புதிதைப் பூட்டுவதே இலாபம். காப்புறுதிக் கணக்கு காரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வர்ணமும் மாறிவிட்டது. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கரைப்பான் குறைந்த வர்ணங்களே கராஜ்களில் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் மேற்பூச்சைக் கடினமாக்கும் ஐசோசயனேற்று அப்படியே இருக்கிறது. அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் தீராத ஆஸ்மா வரலாம். ஒருமுறை உடல் ஒவ்வாமல் போனால் பிறகு சிறிதளவும் தாங்காது. மணம் இல்லையே என்று நினைக்கக் கூடாது. தூசிக்குக் கட்டும் கடதாசி மூடி இதைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாயால் தரும் முகமூடி வேண்டும். 2023 ஓகஸ்ட் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைக் கையாள்பவர்களுக்குப் பயிற்சி கட்டாயம். விசா இல்லாமல் புறநகர்க் கொட்டகைகளில் 'கறுப்பில்' வேலை செய்கிற எங்கள் பெடியளுக்கு அந்தப் பயிற்சியை யார் கொடுப்பது? சட்டத்தில் அவர்கள் இல்லை. நுரையீரலுக்கு அது தெரியாது.

ஊரிலும் இந்தத் தொழில் முழுதாக அழிந்துவிடவில்லை. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை இலங்கையில் கார் இறக்குமதி நின்றபோது பழைய கார்களுக்கு மறுபடி மதிப்பு ஏறியது. ஆனால் தடைக்காலத்தில் வேலை செய்த கைகள் முதுமை அடைந்துவிட்டன. யுத்தத்தின் தாக்குதல்களுக்கும் தளபதிகளுக்கும் திகதியோடு பதிவுகள் உண்டு. சோமசெற்றின் மட்காட்டை எதைக் கொண்டு எப்படி ஒட்டினார்கள், நிறத்துக்கு என்ன செய்தார்கள், கூலியாக என்ன வாங்கினார்கள் என்பதற்குப் பதிவு எங்கே? அந்தக் கராஜ்களில் பழகியவர்கள் பாரிசிலும் சூரிச்சிலும் ரொறொன்ரோவிலும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். பலர் குசினிக்குள் நிற்கிறார்கள். அவர்களுக்கு எழுத நேரமில்லை என்றால், பக்கத்தில் நிற்கிற நாங்கள் கேட்டு எழுதலாம். அதைத் தள்ளிப்போட எங்களுக்கு இனி அதிக காலம் இல்லை.