கடன் கொடுக்காத வங்கி: பேமென்ட்ஸ் வங்கிகளின் எழுச்சியும் முடக்கமும், கரிசல் வட்டாரத்தை முன்வைத்து

2017 மே 23 அன்று செயல்படத் தொடங்கிய பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி, ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2024 மார்ச் 15-க்குப் பின் புதிய வைப்புகளை ஏற்க முடியாமல் முடங்கியது. ஏழு ஆண்டுகள்கூட நிறையவில்லை. வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு உள்ளிட்ட விதிகளை அது மீறியதே காரணம் என்பது பொதுவான விளக்கம். 2022 மார்ச்சில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை வந்தது. 2023 அக்டோபரில் 5.39 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. ஆகவே அந்த விளக்கம் பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். இவ்வகை வங்கியின் பலவீனம் 2014-இல் வகுக்கப்பட்ட வடிவத்திலேயே இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் போன்ற கரிசல் மானாவாரி ஊர்களின் பணப்புழக்கத்தோடு வைத்துப் பார்க்கும்போது அந்தப் பலவீனம் தெளிவாகிறது.

குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கும் சிறு தொழில்களுக்குமான நிதிச் சேவை பற்றி ஆராய்ந்த நச்சிகேத் மோர் குழு, 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. பதினெட்டு வயது கடந்த ஒவ்வோர் இந்தியருக்கும் 2016 ஜனவரி 1-க்குள் ஒரு மின்னணு வங்கிக் கணக்கு என்பது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி பேமென்ட்ஸ் வங்கிகளுக்கான விதிகளை வெளியிட்டது. மூலதனம் குறைந்தது 100 கோடி ரூபாய். ஒருவர் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது (2021-இல் இது இரண்டு லட்சமானது). திரட்டும் வைப்பில் 75 சதவீதமாவது ஓராண்டுக்குட்பட்ட அரசுப் பத்திரங்களில் இருக்க வேண்டும். கடன் கொடுக்கவே கூடாது. விண்ணப்பித்த 41 பேரில் 11 பேருக்கு 2015 ஆகஸ்டில் கொள்கையளவில் அனுமதி கிடைத்தது. சென்னை முருகப்பா குழுமத்தின் சோழமண்டலம் நிறுவனம் அடுத்த ஆண்டே விலகிக்கொண்டது. தொழிலதிபர் திலீப் சாங்வியும் டெக் மகிந்திராவும் பின்தொடர்ந்தனர். கடன் தொழிலை நன்கறிந்த ஒரு தமிழ்நாட்டு நிறுவனம் கடை திறக்கும் முன்பே திரும்பிப் போனது கவனிக்க வேண்டிய சான்று.

அவர்கள் போட்டிருக்கக்கூடிய கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். 2017 ஜனவரியில் முதலாவதாகத் தொடங்கிய ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கி, சேமிப்புக்கு 7.25 சதவீத வட்டி அறிவித்தது. அப்போது ஓராண்டுக்குட்பட்ட அரசுப் பத்திரங்களின் வருவாயோ ஆறு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. வட்டியைக் குறைத்து இரண்டு சதவீதம் மிஞ்சுவதாகவே வைத்துக்கொள்வோம். தீப்பெட்டித் தொழிலாளி ஒருவரின் கணக்கில் சராசரியாக 3,000 ரூபாய் இருந்தால் வங்கிக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 60 ரூபாய். கணினியும் ஆள்செலவும் அடையாளச் சரிபார்ப்பும் அந்த அறுபதுக்குள் அடங்கியாக வேண்டும். மிச்ச வழி பரிமாற்றக் கட்டணம். அதுவும் நிலைக்கவில்லை. 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ, எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் நேரடியாகப் பணம் அனுப்ப வழிசெய்தது. சொந்த வங்கி இல்லாத போன்பேவும் கூகுள் பேயும் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்தன. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ பரிமாற்றத்துக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் ஆனது. பணமதிப்பு நீக்கத்தின்போது மின்னணுப் பரிமாற்றத்துக்கு வந்து பெருகிய கூட்டத்தை வருவாயாக மாற்றும் வாசல் அத்தோடு அடைபட்டது.

இனி கரிசலுக்கு வருவோம். இங்கே வேளாண்மை வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசியில், மழைக்கு முன்பே, புழுதியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்க வேண்டும். விதை, உழவு, உரம் எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். வரவு தை, மாசியில். இடைப்பட்ட மாதங்களை நிரப்புவது நகைக் கடன், கூட்டுறவுச் சங்கம், கமிஷன் கடை முன்பணம், எதுவும் கிடைக்காதபோது கந்துவட்டி. மழை பொய்த்தால் மூக்குத்திகூட மீளாது. இத்தகைய குடும்பத்தின் முதல் தேவை நாலு மாதத் தவணையில் நியாய வட்டிக் கடன். பணத்தைப் போட்டு வைக்க இடமில்லை என்பது அதற்குப் பிந்திய குறை. இதே வட்டாரத்தின் பழைய வங்கி வரலாறு இதை உறுதிப்படுத்துகிறது. 1921-இல் தூத்துக்குடியில் திறக்கப்பட்ட நாடார் வங்கி, வணிகர்கள் தங்களுக்குள் கடன் வசதி உருவாக்கிக்கொள்ளக் கட்டிய அமைப்பு. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறி நூறாண்டைக் கடந்தும் நிற்கிறது. கடன் கேட்பவரின் தொழிலையும் நாணயத்தையும் அறிந்திருந்ததே அதன் தொடக்க கால மூலதனம் என்று நான் கருதுகிறேன்.

கடன் தடைதானே ஏழையின் பணத்தைக் காத்தது என்று கேட்கலாம். வலுவான கேள்வி. 1906-இல் சென்னை அர்பத்நாட் வங்கி நிறுவனமும், 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியும் வீழ்ந்தபோது பாதிக்கப்பட்டவர்கள் பணம் போட்டிருந்தவர்கள். பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியிலோ 2024 மார்ச் 15-க்குப் பின்னும் இருப்பை எடுக்கத் தடை விதிக்கப்படவில்லை. இந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அது வைப்பைக் காத்தது. கந்துவட்டிக்காரரின் வாசலிலிருந்து எவரையும் மீட்கவில்லை. விதிமீறல் ஒன்றே காரணம் என்போருக்கு ஆதித்ய பிர்லா ஐடியா பேமென்ட்ஸ் வங்கியைச் சுட்டலாம். 2018 பிப்ரவரியில் தொடங்கிய அது, தொழில் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி 2019 ஜூலையில் தானாகவே மூடுவதாக அறிவித்தது. ஏர்டெல், ஃபினோ பேமென்ட்ஸ் வங்கிகள் பிழைத்திருக்கின்றனவே என்ற மறுப்பும் எழும். அவை பிழைப்பது செல்பேசித் திரையால் மட்டும் அன்று. பெட்டிக்கடை, ரீசார்ஜ் கடை முகவர்கள் ரொக்கத்தை வாங்கியும் கொடுத்தும் ஈட்டித்தரும் கட்டணம் அவற்றுக்கு ஆதாரம். 2018 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதும் இயங்கும் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக்குத் தபால்காரரின் கால்கள் இருக்கின்றன. ஆளில்லாமல் செயலியை மட்டுமே நம்பினால் இந்தக் கட்டணமும் கிடைக்காது.

பலவீனம் வங்கியின் வடிவத்திலேயே இருந்தது என்பதற்கு, பேடிஎம் செயலிக்கு நேர்ந்ததை இறுதிச் சான்றாகக் கொள்ளலாம். 2024 மார்ச்சில் ஆக்சிஸ், எச்டிஎஃப்சி, எஸ்பிஐ, யெஸ் ஆகிய நான்கு வங்கிகளின் துணையோடு யுபிஐ சேவையைத் தொடர அதற்கு அனுமதி கிடைத்தது. வங்கி முடங்கிய பின்னும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க் கடை முன்னால் பேடிஎம் கியூஆர் அட்டைக்கு வேலை இருந்தது. அடுத்து ஒரு புதுவகை வங்கிக்கு விதி எழுதுவோர், புரட்டாசி விதைப்புக்குக் கடன் கொடுக்கும் உரிமையை அதன் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். இன்றைய விதிப்படி எந்த பேமென்ட்ஸ் வங்கியும் தன் வைப்பிலிருந்து ஒரு கரிசல் சம்சாரிக்கு ஒரு ரூபாய்கூடக் கடன் தர முடியாது.